தண்ணியில்லாக் காட்டில் ஒரு கரை நடை

"தண்ணியில்லாக் காட்டிலிருந்து பெண் எடுத்திருக்கிறோம். ஒரு சொம்புத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்துவிடுவாள், பாருங்கள்!"

கல்யாணமாகி மதுரைக்கு வந்த புதிதில், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மாமனார் இப்படிச் சொல்லிச் சிரிப்பார். மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்வதில்லை. அதனால் நானும் சிரித்து வைப்பேன். உத்தியோகஸ்தர்களை மிரட்டுவதென்றால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று சினிமாவில்கூடச் சொல்கிறார்களே, அந்தக் காடு எங்கள் ராமநாதபுரம் சீமைதான். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊருணிக்கும் குழாய்க்கும் அலைந்த காலை வேளைகளை நான் மறந்துவிடவில்லை. பிறகு எந்த முகத்தோடு மறுத்துப் பேசுவது?

ஆனால் ஒரு நாள் என் மூத்த பெண், ஒன்பது வயசு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டாள்: "அம்மா, அம்மாச்சி ஊர்ல தண்ணியே கிடையாதாம்மா? பறவைகூட வராதாமே?"

பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதாம். எனக்குச் சுருக்கென்றது. மாமனார் சொன்னபோது வராத ரோஷம் அப்போது வந்தது. "பொங்கலுக்குப் போறோம்ல, வந்து பாரு" என்று மட்டும் சொன்னேன்.

2025 பொங்கல் லீவுக்கு நாங்கள் எல்லோரும் அம்மா வீட்டுக்குப் போனோம். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சின்னவன் பிறந்து ஒன்றரை வருஷம் ஆகியும் ஏறிய எடை இறங்கவில்லை. "மருந்தெல்லாம் வேண்டாம், தினம் முக்கால் மணி நேரம் நடங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மதுரைத் தெருவில் எங்கே நடப்பது? மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே முக்கால் மணி நேரம் போய்விடும். அம்மாவிடம் சொன்னேன்.

"நடக்கிறதுக்கு இடமா இல்ல? கண்மாய்க் கரை இருக்கு. மேடு பள்ளம் கிடையாது. புள்ளைக்கும் பறவையைக் காட்டுன மாதிரி ஆச்சு" என்றாள் அம்மா.

இப்படித்தான் ஒரு விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஒரு தண்ணீர்ப் பாட்டிலும், ஓலைக் கொட்டானில் அவித்த பனங்கிழங்குமாகச் சக்கரக்கோட்டைக் கண்மாய்க்குப் புறப்பட்டோம். சின்னவன் அவன் அப்பாவின் தோளில். அறுபத்தெட்டு வயசு அம்மா எல்லோருக்கும் முன்னால்!

கரை என்றால் என்ன?

சக்கரக்கோட்டைக் கண்மாய் ராமநாதபுரம் நகரை ஒட்டினாற்போல் இருக்கிறது. பரப்பு சுமார் 230 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 570 ஏக்கர். 2012-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரம் போகிறவர்கள் எல்லோரும் ராமநாதபுரத்தைத் தாண்டித்தான் போகிறோம். ஆனாலும் நம்மில் எத்தனை பேர் இந்தக் கரையில் ஏறியிருப்போம்?

கண்மாய் பார்க்காத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். பிறைச் சந்திரன் மாதிரி வளைந்த மண் கரை. மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். அந்தப் பக்கமிருந்து மழைத்தண்ணீர் ஓடி வரும். பள்ளத்துப் பக்கம் கரை மறித்து நிற்கும். தண்ணீர் நிற்கிற இடத்துக்கு உள்வாய் என்று பெயர். வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாசல் மடை. கண்மாய் நிறைந்துவிட்டால் கரை உடையாமல் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கல்லால் கட்டியது கலுங்கு. வழிகிற தண்ணீர் வீணாகாது. அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அங்கே நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும் சீமையில், அதைப் பிடித்து வைக்க எங்கள் முன்னோர் கண்ட வழி இது.

ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு: 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை.' ஒரு நாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மூச்சில் பறக்க முடியாதாம், அத்தனை நீளக் கரை! தண்ணியில்லாக் காடு என்கிறார்களே, அங்கே இப்படி ஒரு பேச்சு.

கரை மேல் ஏறினோம். ஒரு பக்கம் கதிர் முற்றித் தலை சாய்ந்த நெல். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். நடுவே வண்டி அகலத்துக்கு மெத்தென்ற மண் பாதை. சிமெண்டுத் தரையில் நடந்தால் எனக்குக் குதிகால் வலிக்கும். இங்கே அது தெரியவே இல்லை.

அம்மா திடீரென்று நின்று காலால் மண்ணைத் தட்டினாள். "ஏத்தா, நான் சின்னப் புள்ளையில எங்க ஊருக் கரையில கூடை சுமந்திருக்கேன் தெரியுமா? பஞ்ச காலத்து வேலை. ஒரு கூடை மண்ணு கொட்டினா ஒரு புளியங்கொட்டை குடுப்பாங்க. சாயங்காலம் கொட்டையை எண்ணித்தான் கூலி. அப்பறம் வயசான காலத்துல நூறு நாள் வேலையிலயும் அதே கரையிலதான் மண்ணு சுமந்தேன்."

எனக்கு இது புதுச் செய்தி. இத்தனை வருஷமாக அம்மா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கரை என்றால் ராஜாக்கள் கட்டியது என்று பாடத்தில் படித்தோம். வருஷா வருஷம் மழையில் கரைகிற மண்ணைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றியது பெண்களின் தலைகள்தான்.

யார் யாரைப் பார்த்தோம்?

எங்களை முதலில் வரவேற்றது ஆள்காட்டிக் குருவி. நாங்கள் வருவதைக் கூவிக் கூவி ஊருக்கே சொல்லிவிட்டது. கரைச் சரிவில் நத்தை ஓடுகள் கிடந்தன. "இது யார் தின்னுட்டுப் போட்டது?" என்றாள் மகள். பத்தடி தள்ளியே பதில் நின்றது: நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். வழுக்குகிற நத்தையைப் பிடிக்க அது வசதி.

மடைக்குப் பக்கத்தில் மண்ணோடு மண்ணாக ஒரு கொக்கு. அசையவே இல்லை. மடையான் என்று பெயர். மடையருகே நின்று மீனுக்குக் காத்திருப்பதால் வந்த பெயர் என்பது அம்மாவின் கட்சி. பக்கத்தில் போனதும் பறந்தது. பறந்ததும் பளிச்சென்று வெள்ளை வெளேர்! உட்கார்ந்தால் மண் நிறம், பறந்தால் பால் நிறம். மகள் வாயைப் பிளந்துவிட்டாள்.

நீர்க்காகங்கள் பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்து, ஈரத்துணி உலர்த்துவது போல் உட்கார்ந்திருந்தன. தண்ணீருக்கு மேலே ஒரு பாம்பு தலை தூக்கியது. "ஐயோ!" என்று மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். பாம்பில்லை, பாம்புத்தாரா. உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக் கழுத்தை மட்டும் நீட்டுகிற பறவை. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக மிதந்தன. முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, நாங்கள் பார்த்த இடத்தை விட்டு வேறெங்கோ எழும்பியது. அதைத் தேடுவதே சின்னவனுக்கு விளையாட்டாகிவிட்டது.

உள்வாயில் தண்ணீரில் நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில்தான் கூடுகள். காய்ந்த குச்சிகளை அடுக்கிய கூடுகள், ஒரு மரத்தில் பத்து, பதினைந்து. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று, வெயில் ஏற ஏற, தன் இரண்டு இறக்கைகளையும் பாதி விரித்தபடி கூட்டின் மேல் நின்றது. ஏன் இப்படி நிற்கிறது என்று பார்த்தால், அதன் நிழலில் இரண்டு குஞ்சுகள்! வெயில் நகர நகர அதுவும் நகர்ந்து நின்றது. பஸ் நிறுத்தத்தில் முந்தானையைப் பிள்ளை தலைக்கு மேலே பிடித்தபடி நிற்போமே, அதே நிற்புதான்.

அடுத்த மரத்தில் கூழைக்கடா. அலகுக்குக் கீழே பை தொங்கும் பெரிய பறவை. குஞ்சு தாயின் வாய்ப் பைக்குள் தலையையே விட்டுச் சாப்பிடும். "அம்மா, அது சட்டிக்குள்ள தலைய விட்டுக் கஞ்சி குடிக்குது!" என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம்.

ஒரு கைத்தட்டல்

அந்தச் சிரிப்போடு திரும்பியிருந்தால் இதை ஒரு சுற்றுலாக் கதையாக எழுதி முடித்திருப்பேன்.

கரையை ஒட்டிய ஒரு மரத்தில் கொக்குகள் நிறையக் கூடு கட்டியிருந்தன. அவை அசையாமல் அடைகாத்துக்கொண்டிருந்தன. மகளுக்கு அவை பறப்பதைப் பார்க்க ஆசை. நான் சின்னவனுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஓடிப்போய்ப் பலமாகக் கை தட்டினாள்.

மரமே எழுந்தது போல் அத்தனையும் பறந்தன. அவள் துள்ளிக் குதித்தாள். அடுத்த நொடி, எங்கிருந்தோ இரண்டு காகங்கள் வந்தன. ஒன்று நேராக ஒரு கூட்டில் இறங்கி, ஒரு முட்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தாய்க்கொக்கு திரும்பி வந்து கூட்டைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்தது.

மகளின் கை தட்டியபடியே நின்றுவிட்டது.

அங்கே கண்காணிப்பு வேலையில் இருந்த பெரியவர் ஒருவர் வந்தார். திட்டுவாரோ என்று பயந்தேன். திட்டவில்லை. குந்தி உட்கார்ந்து அவளிடம் மெல்லச் சொன்னார்: "தாயி, நீ கெட்ட எண்ணத்துல செய்யல. ஆனா அது கூட்ட விட்டு எந்திரிச்சாப் போதும், காக்கா காத்துக்கிட்டே இருக்கும். வெயில்ல குஞ்சும் வாடிப்போகும். நம்ம சத்தம் அதுக்கு இடி மாதிரி."

"அந்த அம்மாக் கொக்கு இனிமே என்ன செய்யும், தாத்தா?"

"கூட்டுல இன்னும் முட்டை கிடந்தா அதை அடைகாக்கும். எல்லாம் போனாலும் சில சமயம் மறுபடி இடும். தண்ணி நிக்கணும். அதான் கணக்கு."

அந்தக் கணக்கைத்தான் அவர் பிறகு எங்களுக்கு விளக்கினார். கூழைக்கடாவும் நாரையும் அடைகாக்க ஒரு மாதம். குஞ்சு பொரித்து, இறகு முளைத்து, பறக்க இன்னும் இரண்டு மூன்று மாதம். கார்த்திகையில் நிறைந்த கண்மாய் மாசி, பங்குனி வரை தாங்கினால் பிழைப்பு. மரத்தின் அடியில் தண்ணீர் வற்றிவிட்டால் மீன் போச்சு, நண்டு, நத்தை போச்சு. நாய், நரி மரத்தடிக்கு நடந்து வந்துவிடும். கீழே விழுகிற குஞ்சு அதன் வாய்க்குத்தான். இரை இல்லாவிட்டால் தாய்ப்பறவையே கூட்டை விட்டுவிட்டுப் போக நேரும். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது நினைவிருக்கும். "அந்த மாதிரி வருஷத்துல பெருசுக வந்து வட்டம் போட்டுப் பார்க்கும், தாயி. கீழே தண்ணி இல்லைன்னா இறங்காமயே போயிரும்" என்றார்.

அம்மா இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "பறவைக்கு இருக்கிற விவரம் நமக்கில்ல. அது தண்ணியப் பார்க்காம முட்டை இடாது. நாமதான் தண்ணி இருக்கா இல்லையான்னு பார்க்காம அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு, அது குடத்தைத் தூக்கிட்டு அலையுது."

பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணி எண்ணித் துணி துவைத்த அம்மா. கண்மாயில் நிற்கிற தண்ணீரை எண்ணி முட்டையிடுகிற பறவை. இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு.

பறவையால் கண்மாய்க்கும் லாபம் உண்டு. நூற்றுக்கணக்கான பறவைகளின் எச்சம் தண்ணீரில் கரைந்து மடை வழியாக வயலுக்குப் போகிறது. காசில்லாத உரம். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் கண்மாய்ப் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை ஆசையை அடக்கியிருப்பார்கள்! அதைச் சொன்னபோது மகள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது அவள் ஓடவில்லை. குதிகாலைத் தூக்கி மெல்ல மெல்ல நடந்தாள். போக வர ஒன்றேகால் மணி நேரம் நடந்திருக்கிறோம். எனக்கு மூச்சு வாங்கவே இல்லை.

கடலோரத்தில்

மறுநாள் பஸ்ஸில் ராமேஸ்வரம் போனோம். அப்போது புதிய பாம்பன் ரயில் பாலம் இன்னும் திறக்கவில்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறந்தது. சாமி கும்பிட்டுவிட்டுத் தனுஷ்கோடி வழியே போனால், 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊருக்கு முன்னால், சாலையோரத்து ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் பூநாரைகள் நின்றன. நீண்ட சிவந்த கால், வளைந்த மூக்கு. தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை அலசித் தின்கின்றன. தின்கிற சின்னஞ்சிறு இறால் பூச்சியிலும் பாசியிலும் இருக்கும் சத்துதான் அதன் சிவப்புக்குக் காரணம். நம் கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே வகைச் சத்துதான். அந்த இடத்தையும் 2025 ஜூன் மாதம் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது.

"கை தட்டாதீங்க!" என்று மகள் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பையனை அதட்டினாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

● மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மழை பொய்த்த வருஷம் போய் ஏமாறாதீர்கள். புறப்படும் முன் வனத்துறையிடம் தண்ணீர் நிலவரத்தையும், எதுவரை போகலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

● விடிந்ததும் நடக்கத் தொடங்கி ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். மாலையில் கொசு அதிகம். கரையில் நிழலும் கிடையாது, கழிப்பிடமும் கிடையாது. வீட்டிலோ விடுதியிலோ முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

● பளபளக்கும் சிவப்பு, மஞ்சள் சேலை வேண்டாம். பச்சை, காவி, சாம்பல் நிறம் பறவையை மிரட்டாது. செருப்பைவிட ஷூ நல்லது. புல்லுக்குள் கால் வைக்காமல் பாதை நடுவிலேயே நடங்கள், பாம்பு இருக்கலாம்.

● பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஒரு பக்கம் ஆழமான தண்ணீர். கைக்குழந்தைக்குத் தொப்பியும், கொதித்து ஆறிய தண்ணீரும் அவசியம்.

● பிரசவமானவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முதல் நாள் பதினைந்து நிமிஷம் போதும் என்று தொடங்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். மூட்டு வலிக்காரர்களுக்குச் சமதளமான மண் கரை உகந்தது.

● பிளாஸ்டிக் பை கொண்டு போகாதீர்கள். ஓலைக் கொட்டானில் பனங்கிழங்கு, வேர்க்கடலை, கருப்பட்டி கொண்டு போனால் பசிக்கும் ஆச்சு, குப்பையும் இல்லை.

● நேரம் இருந்தால் முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் கண்மாய்களையும் பாருங்கள். கடைசியில் சொன்னது 593 ஹெக்டேர். முதல் இரண்டும் 1989 முதலே சரணாலயங்கள்.

நாங்கள் மதுரைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருக்கும். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அதை ஒட்டிப் பேப்பரில் ஒரு செய்தி. ஈரநிலங்களைக் காக்க 1971-ல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்தப் பட்டியலில் சக்கரக்கோட்டையும், பரமக்குடிப் பக்கத்துத் தேர்த்தங்கலும் சேர்ந்துவிட்டன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் மன்னார் வளைகுடாவும் 2022-லேயே சேர்ந்தாயிற்று. ஆக ராமநாதபுரம் ஒரு மாவட்டத்தில் மட்டும் ஐந்து.

மாமனார் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ நடந்த கரைதானேம்மா இது?" என்றார். "ஆமாம் மாமா" என்றேன். அதற்குப் பிறகு அவர் வருகிறவர்களிடம் சொல்கிற கதை மாறிவிட்டது. அதை விடுங்கள்.

மகள் மட்டும் எதையும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாச்சிக்குப் போன் போட்டு ஒரே கேள்வி: "தண்ணி எவ்வளவு இருக்கு?" அம்மாவும் அவளுக்காகவே காலையில் கரைக்குப் போய் வந்து சொல்வாள். இடுப்பளவு, தொடையளவு, முழங்காலளவு என்று இறங்கிக்கொண்டே வந்தது. பங்குனி பிறந்து ஒரு ஞாயிறு, போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்தாள்.

"அம்மா! அந்தக் கரையோர மரத்துல கூடு எல்லாம் காலியாம். குஞ்செல்லாம் பறந்துருச்சாம். முழங்காலுக்குத் தண்ணி இன்னும் நிக்குதாம்!"

அன்று அவளுக்குப் பால் பாயசம் வைத்துக் கொடுத்தேன்.